நான் துடைத்த கரும்பலகை

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். ஐந்தாவதோடு சரி. கோர்வையாக வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபத்தேழோ அறுபத்தெட்டோ இருக்கும். கிருஷ்ணகிரியில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆயாவாகச் சேர்ந்த புதிது. ஒருநாள் காலை எட்டாம் வகுப்பைப் பெருக்கினேன். பலகை நிறைய இங்கிலீஷ் எழுத்து. ஈரத்துணியால் ஒரு புள்ளி இல்லாமல் துடைத்தேன்.

மத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் இங்கிலீஷ் டீச்சர் உள்ளே வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். அவர் பாடத்தைப் பார்க்க அன்றைக்கு இன்ஸ்பெக்ட்ரஸ் வருகிறாராம். இரண்டு வாக்கியத்தை ஒன்றாக்கும் 'ஹூ', 'விச்' பாடம். முந்தின நாள் வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்து எழுதியது. டீச்சருக்குத் தற்காலிக வேலைதான். சரியில்லை என்று எழுதிவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"நீயா தொடச்சே?"

தலையை ஆட்டினேன். வெளியே ஜீப் வந்து நின்றது.

"ஒண்ணாங்கிளாசுல இருக்கற சிலேட்டெல்லாம் வாங்கினு வா. ஓடு."

ஓடினேன். சிலேட்டுக்கு ஒரு வார்த்தையாக எழுதிப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். 'இவள் ஒரு பெண்' என்று இங்கிலீஷில் ஒரு வரிசை. 'அவள் தக்காளி விற்கிறாள்' என்று இன்னொன்று. 'அவள்' சிலேட்டுக்காரியை உட்காரச் சொன்னார். அந்த இடத்தில் ஒருத்தி 'ஹூ'வோடு போய் நின்றாள். இரண்டும் ஒரே வரிசையாகிவிட்டது. அடுத்து பஸ்ஸைப் பற்றிய வாக்கியம். அதற்கும் 'ஹூ'க்காரியே ஓடினாள்.

"பஸ்ஸு என்ன மனுசனாடி? 'விச்' இங்க இருக்குது, நீ போய் உக்காரு" என்றாள் ஒருத்தி. வகுப்பே சிரித்தது. பின் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்ட்ரஸ் சிரிக்கவில்லை.

"போர்டு ஏன் காலியா இருக்கு?"

நான் கதவோரம்தான் நின்றிருந்தேன். என்னைக் கைகாட்டினால் போதும், டீச்சர் தப்பித்துவிடுவார்.

"எழுதிப்போட்டா பாத்து எழுதிடுவாங்கம்மா. கையில குடுத்தா, எங்க போய் நிக்கணும்னு அவங்களே யோசிக்கணும்" என்றார் டீச்சர்.

அந்த அம்மா நோட்டில் நீளமாக எழுதினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. டீச்சருக்கு வேலை நீடிக்கிறது என்று தெரிய ஒரு வாரமாயிற்று. அவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான்:

"இனிமே தொடைக்கறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேளு தாயி."

திட்டியிருக்கலாம், காரணமும் இருந்தது. இருந்த கொஞ்ச நேரத்தில் அவர் என்னைச் சிலேட்டுக்குத்தான் அனுப்பினார். என் எதிரே யாராவது தப்புச் செய்துவிட்டு நின்றால், இன்றைக்கும் அதை நினைத்து வாயை மூடிக்கொள்கிறேன்.

எட்டாம் வகுப்பா ஒன்பதா, வந்தது ஜீப்பா காரா என்பதெல்லாம் எனக்குச் சந்தேகம்தான். அன்று சிலேட்டுப் பிடித்தவர்கள் யாராவது படித்தால், சரிபார்த்துச் சொல்லுங்கள்.