மாவு மாத்திரை

எங்கள் அம்மாவும் அத்தையும் பேசிக்கொள்ளாமல் இருந்த காலத்தில், இரண்டு பேருக்கும் நடுவே போய்வந்து கொண்டிருந்தவள் நான்தான். அத்தை அப்பாவின் அக்கா. கணவர் இறந்தபின் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசையிலேயே பக்கத்துக் காம்பராவில் தனியாக இருந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அம்மா அடுப்படியில் நின்றபடி, "உங்க அத்தைகிட்ட சொல்லு, கோழி நம்ம வெறகு மேல ஏறுதுனு" என்பாள். அது தடுப்பைத் தாண்டி அத்தையின் காதில் நன்றாகவே விழும். ஆனாலும் நான் வாசலைச் சுற்றிப் போய் அதையே திருப்பிச் சொன்னால்தான் பதில் கிடைக்கும். "உங்கம்மாகிட்ட சொல்லு, வெறகுதான் கோழி போற வழியில வந்து கெடக்குனு."

சண்டை பொதுப் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கிற முறையில் ஆரம்பித்தது என்று அப்பா சொல்வார். கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்த அவர், தீபாவளிக்கு வந்து இரண்டு பேரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்.

பேச்சு இல்லாவிட்டாலும் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இரண்டு பேருக்கும் இருந்தது. அம்மாவுக்கு வந்து கொஞ்ச நாள். அத்தைக்கு அது பழையது. மலையில் கொழுந்து எடுக்கும்போது அட்டை கடித்த இடம் ஒன்று அவள் கால் பெருவிரலுக்குப் பக்கத்தில் புண்ணாகி, ஆறாமலே கிடந்தது. பெரிய ஆஸ்பத்திரியில், இப்படியே போனால் காலை எடுக்க வேண்டிவரும் என்று சொல்லிவிட்டார்கள். கால் போனால் மலை ஏற முடியாது. மலை ஏறாதவளின் பெயரைத் தோட்டத்தில் வெட்டிவிடுவார்கள். பெயர் போனால் காம்பராவும் போகும். அதனால் அத்தை புண்ணைத் துணியால் சுற்றி, சப்பாத்துக்குள் மறைத்துக்கொண்டு, காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு எல்லாருக்கும் முதல் ஆளாய் நிற்பாள். கங்காணிக்குத் தெரியாது என்று அவள் நினைத்திருந்தாள். கங்காணியும் தெரியாத மாதிரி இருந்தார். நல்ல மனுஷன்.

அந்த நேரத்தில்தான் சீனி வருத்தத்துக்குப் புது மாத்திரை ஒன்றைச் சோதிக்கிற ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். ஒரு சிங்கள டொக்டரம்மா, அவர் சொல்வதைத் தமிழில் சொல்ல ஒரு மிஸ், பெட்டி பெட்டியாய் ஊசி. பிள்ளை மடுவத்தில், தூங்குகிற குழந்தைகளின் தொட்டில்களுக்கு நடுவே, அந்த வருத்தம் உள்ள பெண்களை உட்காரவைத்து விளக்கினார்கள். ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மருந்தை நிறுத்தக்கூடாது. அதோடு சேர்த்துப் போட இன்னொரு மாத்திரை தருவார்கள். பாதிப் பேருக்கு அது உண்மையான மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று டொக்டருக்கே தெரியாது. விருப்பம் இருந்தால் சேரலாம், இல்லாவிட்டால் வேண்டாம்.

முதலில் அத்தைதான் எழுந்தாள். "ஏன் மிஸ், காலையில ரொட்டி, பகலைக்கி ரொட்டினு மாவத்தானே திங்கிறோம். அத குடுக்கவா கண்டியிலேருந்து இவ்வளவு தூரம் வந்தீங்க?"

மடுவமே சிரித்தது. மிஸ் மொழிபெயர்த்ததும் டொக்டரம்மாவும் சிரித்தார். ஆனால் சிரித்தவர்கள் எல்லாரும் சேர்ந்தார்கள், அத்தை உட்பட. புண் ஆறும் என்றால் அவள் மாவையும் விழுங்குவாள், மண்ணையும் விழுங்குவாள்.

வெள்ளை டப்பா ஆளுக்கு ஒன்று வந்தது. ஒன்றுபோலவே இருக்கும், இலக்கம் மட்டும் வேறு. ஒருவருடையதை இன்னொருவர் எடுக்கக்கூடாது, ஈரம் படக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அத்தையின் கூரைத் தகரம் ஒழுகும். வேறு வழியில்லாமல் அவளுடைய டப்பாவும் எங்கள் வீட்டுச் சாமிப்பட அலமாரிக்கே வந்து சேர்ந்தது. காலையும் மாலையும் அதிலிருந்து ஒன்றை எடுத்துப்போய்க் கொடுப்பது என் வேலையானது. அத்தை அதை வாயில் போட்டு, "மாவுதான், சந்தேகமே இல்ல" என்று முகத்தைச் சுளித்தபடி விழுங்குவாள்.

அம்மாவுக்கு மாத்திரை ஒத்துக்கொண்டது. தலைச்சுற்றல் நின்றது. முகம் தெளிந்தது. தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை அவளே விட்டுவிட்டாள். மாதம் ஒருமுறை இரத்தம் எடுக்க வருகிற டொக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார். அம்மாவை அதற்குமுன் அப்படிக் கேட்டவர் யாரும் இருந்ததாய் எனக்கு நினைவில்லை. அத்தையின் புண்ணோ அப்படியேதான் இருந்தது. லயத்தில் எல்லாரும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: தம்பி பெண்டாட்டிக்கு மருந்து, மூத்தவளுக்கு மாவு.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, அம்மா தரையில் உட்கார்ந்து இரண்டு டப்பாவையும் ஒரே தட்டில் கொட்டி, அரிசி புடைக்கிறவள்போலத் தட்டை அசைத்துக் கலந்துகொண்டிருந்தாள். பிறகு சரிபாதியாக அள்ளி இரண்டு டப்பாவிலும் போட்டு மூடினாள். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

"அத்தைகிட்ட சொன்னே, தோல உரிச்சிருவேன்."

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒளித்துச் செய்வதெல்லாம் களவு என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அதுவும் அத்தையிடம் சொல்லாதே என்றால், அது அத்தையின் பொருளை எடுக்கிற களவுதான். என் அம்மா கள்ளி என்ற நினைப்போடு மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்வது லேசான காரியமில்லை. டப்பா புதிதாய் வரும்போதெல்லாம் அம்மா கலந்தாள். நான் பார்த்தேன், பேசாமல் இருந்தேன்.

மழைக்காலத்தில் அத்தையின் கால் கறுத்தது. மலையிலேயே விழுந்துவிட்டாள். லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெருவிரலையும் அடுத்த விரலையும் எடுத்தார்கள். அவள் கட்டுப்போட்ட காலோடு வீட்டுக்கு வந்து கிடந்த ஒரு சனிக்கிழமை, டொக்டரம்மாவும் மிஸ்ஸும் லயத்துக்கே ஏறி வந்தார்கள். அம்மா மலைக்குப் போயிருந்தாள். நான்தான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

கால் இப்படி ஆனதால் அத்தையின் டப்பாவில் இருந்தது எது என்று இலக்கப் பட்டியலைத் திறந்து பார்த்தார்களாம். மிஸ் மெதுவாகச் சொன்னார். "உங்களுக்குக் கெடைச்சது உண்மையான மருந்துதாம்மா. முதல்ல சீனி நல்லா எறங்கிச்சு. பொறகு திரும்ப ஏறிருச்சு. மாத்திரை ஒழுங்கா போட்டீங்களா?"

"சாமி சத்தியமா போட்டேன் மிஸ். இந்தப் புள்ள கொண்டாந்து குடுத்ததெல்லாம் முழுங்கினேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எத்தனையோ நாளாய் ஒளித்துவைத்ததைச் சொல்லிவிட்டேன். "அம்மா ரெண்டு டப்பாவையும் ஒண்ணா கொட்டிக் கலந்துட்டாங்க. அத்தைகிட்ட சொல்லக்கூடாதுனு சொன்னாங்க."

அம்மாவின் டப்பாவில் இருந்தது எது என்று கேட்க, டொக்டரம்மா போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கிற மேட்டுக்குப் போனார். அத்தை வெடிப்பாள், லயமே கூடும் என்று நான் சுவரோரமாக ஒதுங்கி நின்றேன். அவள் கட்டிலில் அசையாமல் கிடந்தாள். "சொல்லியிருந்தா நான் வாங்கியிருக்க மாட்டேன்னு அவளுக்குத் தெரியும்" என்று மட்டும் முணுமுணுத்தாள்.

டொக்டரம்மா திரும்பி வந்து சிங்களத்தில் இரண்டு வார்த்தை சொன்னார். மிஸ் தமிழில் சொல்லக் கொஞ்சம் தயங்கினார். "அவங்களோடதுதான் மாவாம்."

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது, "மிஸ், இத அவகிட்ட சொல்லிறாதீங்க. தாங்க மாட்டா" என்றாள்.

டொக்டரம்மா யோசித்துவிட்டு, இரண்டு பேரையும் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவதாகவும், தாங்களாகப் போய்ச் சொல்ல மாட்டோம், அம்மா கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டோம் என்றும் சொன்னார். அம்மா ஒருநாளும் கேட்கவில்லை. தனக்குக் கிடைத்தது மருந்து என்று நம்பியவளுக்குக் கேட்க என்ன இருக்கிறது.

இன்று எனக்கு எல்லாம் தெரியும். தன் மருந்தில் பாதியைக் கொடுக்கிறோம் என்று நினைத்து அம்மா கொடுத்தது மாவு. பதிலுக்குத் தெரியாமல் எடுத்தது அத்தையின் மருந்து. மீன் வாங்கினால் பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் போகாமல் உலை கொதிக்காத லயம் அது. ஆளுக்கு ஒரு டப்பா, அதை யாரும் தொடக்கூடாது என்று சொன்னவர்களுக்கு எங்களைத் தெரியாது. அவர்கள் சொன்னதன் காரணம் எங்களுக்கும் தெரியாது.

அத்தையின் பெயரைத் தோட்டத்தில் வெட்டினார்கள். காம்பரா வேறு குடும்பத்துக்குப் போனது. அம்மா அத்தையின் கட்டிலைத் தூக்கிவந்து எங்கள் வீட்டு ஜன்னலோரம் போட்டாள். அத்தை கண்மூடும்வரை அங்கேதான் இருந்தாள். அதே வீட்டில் இரண்டு பேரும் விடாமல் சண்டை போட்டார்கள். ஆனால் நேருக்கு நேராக, நான் நடுவில் தேவைப்படாமல். யார் வந்து காலைப் பற்றிக் கேட்டாலும் அத்தை ஒன்றையே சொல்வாள்: "இந்தக் காலு நிக்கிறது எந்தம்பி பொண்டாட்டி குடுத்த மாத்திரையில." அம்மா அடுப்பை ஊதுகிறவள்போலக் குனிந்துகொள்வாள். அத்தை போய்ச் சில வருஷங்களாகிவிட்டன. அம்மா அதை இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை எனக்கு இதெல்லாம் தெரியாது. அம்மா வேலை முடிந்து, இடுப்பில் கட்டிய படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல் அத்தையின் வாசலில் நின்றாள். அத்தை என்னைக் கூப்பிடவில்லை. அவளையே கூப்பிட்டாள்.

"இங்க வா. ஏன் எங்கிட்ட சொல்லாம கலந்த?"

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "உங்க கால் போயிரும்னு பயந்துட்டேன் மதினி."

"அதனாலதான் ரெண்டு வெரலோட நின்னுச்சாம். இல்லாட்டி மொழங்காலோட எடுத்திருப்பாங்களாம். டொக்டரம்மா சொல்லிட்டுப் போறாங்க."

நான் பக்கத்திலேயே இருந்து கேட்டவள். டொக்டரம்மா அப்படிச் சொல்லவேயில்லை. அம்மா கட்டிலோரம் உட்கார்ந்து, அத்தையின் கட்டுப்போட்ட காலைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். களவு பிடிபட்டதால் அழுகிறாள் என்று நினைத்தேன். அத்தை பொய் சொன்னதுகூட எனக்குப் பெரிதாய்ப் படவில்லை, அவள் தினமும் சொல்கிறவள்தான். தன் மாத்திரையைத் திருடி, தன் விரல்களையும் போகவைத்தவளின் தலையை அவள் எதற்காக அப்படித் தடவிக்கொடுக்கிறாள் என்பதுதான் எனக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை.