தலைத் தீபாவளிக்கு வந்த விமானம்

கடந்துபோன நாட்களில் ஒன்றைத் திருப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் என் தலைத் தீபாவளியைக் கேட்பேன். இத்தனைக்கும் அன்று என் வீட்டுக்காரர் வந்து சேரவில்லை.

அவர் ஒரு ஜமீன்தாரிடம் பைலட். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம், திருச்சியில் நிற்கும். திருமங்கலத்துக்கு மேற்கே எங்கள் ஊரை ஒட்டிய கரிசல் பொட்டல்தான் ஜமீனுக்கு இறங்குதளம். கரிசல் காய்ந்தால் கட்டாந்தரை, நனைந்தால் களி. களியில் சக்கரம் புதைந்தால் விமானம் குப்புறக் கவிழும் என்று எனக்குச் சொல்லியிருந்தார். கத்தரிக்காயா வெண்டைக்காயா என்று கேட்டால் காலைப்பொழுது முழுக்க யோசிக்கிற மனிதர், மேலே போய்விட்டால் சட்டென்று முடிவெடுப்பாராம். நான் நம்பவில்லை.

அந்தத் தீபாவளிக்கு ஜமீனிடம் அனுமதி வாங்கி விமானத்திலேயே வருவதாகத் தகவல் அனுப்பினார். என் அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. "எங்க மாப்ள ஆகாசத்துல வாரார்" என்று சந்தையில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொன்னார். பொட்டலுக்கு மேளம் வந்தது, சொந்தபந்தம் வந்தது, நான் கூறைப்புடவையில் நின்றேன். முந்தின நாள் அடித்த மழை மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

விமானம் தாழ வந்து மூன்று முறை சுற்றியது. அவர் முகம் தெரிந்தது. கீழே மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை உயர்த்திக் காட்டிவிட்டு வடக்கே திரும்பிப் போய்விட்டார். நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் நாயனக்காரர் தன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வந்துவிடுங்கள், வந்துவிடுங்கள் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

மறுநாள் ரயிலில் வந்து சேர்ந்தார். எண்ணெய், புதுவேட்டி, பலகாரம் எதிலும் குறையில்லை. ஆனால் ஊர் எல்லைவரை வந்த மாப்பிள்ளை கை நனைக்காமல் திரும்பியது அப்பாவுக்குத் தாங்கவில்லை. பந்தியில் எல்லோர் முன்னாலும், "மாப்ளைக்கு ஈரம்னா பயம்" என்றார். பந்தி சிரித்தது, என் வீட்டுக்காரரும் சிரித்தார். அவர் இலையில் அதிரசம் தொடாமல் இருந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

சித்திரையில் எனக்கு வளைகாப்பு, அம்மா வீட்டில். விடிகாலையில் கோடை மழை கொட்டித் தீர்த்தது. எப்படியும் ரயிலில்தான் வருவார் என்று யாரும் பொட்டலுக்குப் போகவில்லை. வளையல் போட்டு முடிக்கிற நேரத்தில் மேலே சத்தம் கேட்டது.

நிறைசூலி ஓடக்கூடாது என்று பின்னால் கத்தினார்கள். ஓடினேன். பொட்டல் முழுக்கப் பளபளவென்று ஈரம். ஒரே ஒரு சுற்றுதான் சுற்றினார். பிறகு நேராக இறங்கினார்.

சக்கரம் கொஞ்ச தூரம் உருண்டது, புதைந்தது. வால் எழும்பி விமானம் தலைகுப்புறக் கவிழ்ந்தது. அவரை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

அப்பா சேற்றில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். முகத்தில் அப்பியிருந்த கரிசலைத் தன் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"திரும்பிப் போயிருக்கலாமுல்ல, மாப்ள" என்றார்.