முதுகு காட்டி நின்றவள்

இதைச் சொன்னால், நாடகக்காரன் கட்டிவிட்ட கதை என்பார்கள். சொல்லட்டும். அந்த மேடையில் உட்கார்ந்திருந்தவன் நான். அன்று மூக்கில் ஏறிய நாற்றம் இன்னும் போகவில்லை.

1934, தைப்பொங்கல். மலாயாவில் சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். என் பெயர் சபாபதி. பகலில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுப்பேன். நாடகம் வந்தால் பெண் வேஷம் கட்டுவேன். அதுவரை நாங்கள் ஆடியதெல்லாம் பழைய பாணி. சபையைப் பார்த்து நின்று தொண்டை கிழியப் பாடுவோம், மாரில் அடித்துக்கொண்டு அழுவோம். சபைக்கு முதுகைக் காட்டுவது மரியாதைக் குறைவு.

அந்த வருஷம் ஜோகூர் பாருவிலிருந்து அமலதாஸ் மாஸ்டர் வந்தார். சிங்கப்பூரில் வெள்ளைக்காரர்களின் நாடகங்களைப் பார்த்தவர். புதுவிதமான நடிப்பைப் புத்தகம் வாங்கிப் படித்தவர். ஒத்திகையில் நான் ஒப்பாரி வைத்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"சபாபதி, உங்க வீட்டுப் பொம்பளைங்க இப்படியா அழுவாங்க?"

"இல்லைங்க மாஸ்டர். அடுப்பப் பாத்துக்கிட்டு சத்தமில்லாம அழுவாங்க."

"அதையே செய்ங்க. எதிர்ல ஜனங்க இல்ல, ஒரு சுவர் இருக்குன்னு நினைச்சுக்குங்க. முதுகு தெரிஞ்சாலும் பரவால்ல."

நாடகத்தையும் அவரே எழுதியிருந்தார். புருஷன் காப்பியில் விஷம் கலந்து மனைவிக்குக் கொடுக்கிறான். ஒத்திகை பார்க்க வந்த, எங்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி சதாசிவத்தின் முகம் கறுத்துப்போனது.

"அந்த விஷக் கட்டத்த எடுத்துடுங்க மாஸ்டர்."

"ஏன்?"

"எடுங்கன்னா எடுங்க."

மாஸ்டர் எடுக்கவில்லை. வெளியூர்க்காரர், அவருக்கு ஒன்றும் தெரியாது. கங்காணியின் மனைவி வெள்ளையம்மா இரண்டு வருஷத்துக்கு முன்னால், ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட்டைக் குடித்துச் செத்துப்போனாள். தானாகக் குடித்தாள் என்றுதான் தோட்டமே நம்பியது.

பொங்கலன்று பொழுது சாய்ந்ததும் நாடகம் தொடங்கியது. மேடைக்கு ஒரே ஒரு கேஸ் விளக்கு. கங்காணி முன் வரிசை நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

விஷக் கட்டம் வந்தது. புருஷனாக நடித்த மணியம் காப்பிக் குவளையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனான். நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். எதிரே சுவர்... சுவர்தான்... என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்போது அந்த நாற்றம் வந்தது.

ஆசிட்.

குவளையைப் பார்த்தேன். காப்பிதான். நாற்றம் எனக்குப் பின்னாலிருந்து வந்தது.

சளக்... சளக்...

ஈரப் புடவை பலகையில் இழுபடும் சத்தம். ஒரு பெண் என்னைச் சுற்றி வந்து எதிரே நின்றாள். சபைக்கு முதுகு. எனக்கு முகம். கூந்தல் மறைத்திருந்தது. மாஸ்டர் என்னிடம் சொல்லாமல் ஆள் சேர்த்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

"குடு" என்றாள்.

தலையை நிமிர்த்தினாள்.

உதடுகள் இல்லை. வெந்துபோயிருந்தன.

குவளையை மாரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

அவள் மெல்லத் திரும்பினாள். முன் வரிசைப் பக்கம்...

விளக்கு அணைந்தது.

இருட்டு.

சளக்... சளக்...

டக்.

பல்லில் இரும்பு மோதும் சத்தம்.

டக்...

அப்புறம் ஒரு கொப்பளிப்பு.

விளக்கை ஏற்றியபோது கங்காணி தரையில் கிடந்தார். வாயெல்லாம் நுரை. உதடுகள் வெந்திருந்தன. என் குவளை என் கையிலேயே இருந்தது. ஒரு சொட்டும் குறையவில்லை. ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள். வெறும் காப்பி. கங்காணியின் வயிற்றில் இருந்தது மட்டும் ஆசிட்.

பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "முதுகு காட்டி நின்னுச்சே, அந்தப் பொம்பள யாரு? நெசமாட்டம் இருந்துச்சே."

மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நான் யாரையும் கூட்டிட்டு வரல, சபாபதி."

அதற்குப் பிறகு அவர் நாடகமே போடவில்லை.

கருமாதி முடிந்த பிறகு, வெள்ளையம்மாவின் உடம்பைக் குளிப்பாட்டிய கிருஷ்ணம்மா என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"அவ தானா குடிக்கல தம்பி. ரெண்டு மணிக்கட்டுலயும் வெரல் தடம் இருந்துச்சு. அவ புருஷன்தான் கரண்டியால வாயத் தொறந்துருக்கான். கீழ்ப்பல்லு ரெண்டு ஒடஞ்சிருந்துச்சு. நான் குளிப்பாட்டி முடிக்கிற வரைக்கும் கங்காணி பக்கத்துலயே நின்னாரு. நான் யாருகிட்ட சொல்றது?"

கங்காணியைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருவன்.

அவர் மணிக்கட்டுகளிலும் விரல் தடம் இருந்தது. பெண்ணின் விரல்கள்.

கீழ்ப்பல் இரண்டு உடைந்திருந்தன.