சரோஜாவைக் கல்யாணத்துக்கு அழைக்காதவர்கள்

ஸ்கூடாய் நெரிசலில் கார் நின்றிருந்தபோது எங்கள் சங்கத்தின் துணைத்தலைவரிடமிருந்து அழைப்பு வந்தது. “மணியம், சரோஜா போயிட்டாங்க. காலையில நெஞ்சுவலி.” நான் வாய் திறப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது: “பேனருக்கு நல்ல போட்டோ ஏதும் வச்சிருக்கீங்களா?” எனக்கு அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. அது இன்னும் அடங்கவில்லை. அந்த எரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன். சரோஜாவை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை.

கூலாயில் ஓர் இரும்புக்கடையின் மேல்மாடியில் பதினெட்டு ஆண்டுகள் அவர் நடத்திய இளைஞர் சங்கத்தில் நான் செயலாளர். டியூஷன், நடனம், வேலைக்கு மனு எழுதுவது என்று எல்லாம் அங்கே நடந்தன. ஆனால் அவர் உயிரைக் கொடுத்துச் செய்தது ஒரே வேலைதான்: ஐசி என்கிற அடையாள அட்டை இல்லாத பிள்ளைகளுக்கு அதை வாங்கித் தருவது. நம் வீடுகளில் நடக்கும் கூத்து உங்களுக்குத் தெரியும். கோயிலில் தாலி கட்டி, பந்தி போட்டு, வீடியோவும் எடுத்துவிட்டால் கல்யாணம் முடிந்தது. பதிவு செய்ய மட்டும் யாருக்கும் நேரம் கிடையாது. பதிவில்லாத கல்யாணத்தில் பிறக்கும் பிள்ளைக்குத் தாய்வழிக் குடியுரிமைதான்; அந்தத் தாய்க்கு அது இல்லையென்றால், அப்பா இந்த மண்ணிலேயே பிறந்தவராக இருந்தும் பிள்ளை நாடற்றுப் போகிறது.

கோத்தா திங்கியில் ஒரு கல்யாணத்துக்கு இருவரும் போயிருந்தோம். அட்சதை தூவ மேடையேறிய சரோஜா, மாப்பிள்ளையிடம் குனிந்து, “ரெஜிஸ்டர் பண்ணியாச்சா தம்பி?” என்று கேட்டார். அவன் விழித்தான். அவனுடைய மாமா பாய்ந்து வந்தார்.

“ஐயரு மந்திரம் சொல்லி தாலி ஏறியாச்சு. அப்புறம் என்னாங்க?”

“நாளைக்கு பொறக்கிற புள்ளைக்கு ஐயரா ஐசி குடுப்பாரு?”

மேளம் ஓய்ந்திருந்த நேரம். மண்டபம் முழுக்கக் கேட்டது. நான் சாப்பிடாமலே காருக்கு நழுவிவிட்டேன். அவர் உட்கார்ந்து பாயசம் வரை சாப்பிட்டுவிட்டு, மாப்பிள்ளையின் தொலைபேசி எண்ணோடு வந்தார். மறு வாரமே அந்த ஜோடியை அழைத்துப் போய்ப் பதிவு செய்ய வைத்தார்.

அதன் பிறகு நம்மவர்கள் அவருக்குப் பத்திரிகை வைப்பதையே விட்டுவிட்டார்கள். “வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்காது அது” என்றார்கள். இறுதிச்சடங்கில் அவர்கள் அத்தனை பேரையும் பார்த்தேன். எங்களுக்குத் தாய் மாதிரி என்று மைக் பிடித்து அழுதார்கள். தாயையா கல்யாணத்துக்கு அழைக்காமல் விட்டீர்கள்?

கவிதாவை உங்களில் பலருக்குத் தெரியும். பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்த பெண்; அம்மாவுக்குக் குடியுரிமை இல்லை, பெற்றோரின் கல்யாணமும் கோயிலோடு சரி. பள்ளிப் பரீட்சையில் நன்றாகத் தேறியும், அடையாள அட்டை இல்லாததால் கல்லூரியில் சேர முடியவில்லை. அவளுடைய விண்ணப்பம் இரண்டு முறை நிராகரிக்கப்பட்டது. மூன்றாவது முறைக்குச் சரோஜா தயாரானபோது, கமிட்டிக் கூட்டத்தில் துணைத்தலைவர் சலித்துக்கொண்டார். “இந்த பேப்பர் வேலையெல்லாம் விட்டுருவோம் லா. டான்ஸ் கிளாஸ் போதும். சனங்களுக்கும் அதான் புடிக்குது.”

“ஆடுற புள்ளைக்கு நிக்கிறதுக்கு ஒரு நாடு வேணாமா?” என்றார் சரோஜா.

நான் கூட்டக்குறிப்பு எழுதுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

போன வாரம் சங்கத்தில் இரங்கல் கூட்டம். சரோஜாவின் பெயரில் நடனப் போட்டி, சுழற்கிண்ணம் என்று அறிவித்தார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் கவிதா எழுந்தாள். “அங்கிள், வர்ற செவ்வாக்கெழம எனக்கு ஐசி ஆபீஸ்ல இன்டர்வியூ. ஆண்ட்டிதான் கூட வரதா இருந்தாங்க. இப்ப யாரு வருவீங்க?”

“அப்புறம் பேசலாம்மா” என்றார் துணைத்தலைவர். மற்றவர்கள் கைப்பேசியைப் பார்த்தார்கள். எனக்கு அடக்க முடியவில்லை. “கிண்ணத்துக்கு பேரு வைக்க இத்தன பேரு. கூட போக ஒரு ஆளு இல்லியா?” என்று கத்திவிட்டு, சரோஜாவின் மேசையிலிருந்த அவள் ஃபைலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டில் அதைப் பிரித்த பிறகுதான் யாரைத் திட்ட வேண்டும் என்று எனக்கு உறைத்தது. கவிதாவின் பெற்றோர் கோயிலில் கல்யாணம் செய்ததை நேரில் பார்த்த இருவர் சத்தியக் கடிதம் தந்தால் விண்ணப்பத்துக்குப் பலம். சரோஜா தன் கையால் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். முதல் சாட்சி, கவிதாவின் சித்தப்பா, கையெழுத்து வாங்கியாச்சு. அதன் கீழே: “மணியம். முதல் பந்தியில் சாப்பிட்டவர். மூன்று முறை கேட்டாச்சு. திரும்பக் கேட்கணும்.”

ஆமாம், நான் அந்தக் கல்யாணத்தில் இருந்தேன். கவிதாவின் அப்பா சினாயில் இருந்த தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்தவர். அரசாங்கத்திடம் சத்தியம் செய்து எதற்கு வம்பு என்று பயந்து, கேட்ட மூன்று முறையும் “பார்க்கலாம் லா” என்று சொல்லித் தட்டிக்கழித்தேன். இதைச் சரோஜா அந்தப் பெண்ணிடம்கூடச் சொல்லவில்லை. கமிட்டியில் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

பேனர், கிண்ணம் எல்லாம் உங்களுக்கே இருக்கட்டும். அந்தத் தாளை நான் வைத்துக்கொள்கிறேன். நேற்று சத்தியக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை கவிதாவோடு நான்தான் போகிறேன். அங்கே அந்தப் பெண், “இத்தன நாளா எங்க அங்கிள் இருந்தீங்க?” என்று கேட்டால், உண்மையைச் சொல்லிவிடுவேன்.