இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். நான் கண்டியில் கிளாக்கராக இருந்தேன். சட்டைக்குப் போட்ட கஞ்சி கொஞ்சம் என் கழுத்துக்கும் ஏறியிருந்த காலம்.

இந்தியாவிலிருந்து ஓர் அம்மையார் கூட்டத்தில் பேச வந்திருந்தார். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். ஊர்க் கிணற்றை எல்லாருக்கும் திறந்துவிடப் போராடியவர். வரவேற்புக் குழுத் தலைவரும் நானும் அவரைக் காரில் அழைத்துப் போனோம். மார்கழிப் பனியில் ஏரி இருக்கும் இடமே தெரியவில்லை. மேகத்துக்குள் மிதந்து போவது போலிருந்தது. அந்த மயக்கத்தில் அவர் தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார்:

"சேரியில உக்காந்து சாப்பிட்டேன்னு வீட்ல என்னைத் தலைமுழுகிட்டாங்க தம்பி. அம்மா செத்தப்பகூட முகம் பாக்க விடல."

பிறகு, நகரத்தைக் கூட்டுபவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளை, லயத்தை, பார்க்க வேண்டும் என்றார்.

நான் பிறந்ததே அங்கேதான். அம்மா இன்னும் அங்கிருந்துதான் விளக்குமாற்றுடன் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

பனியில் மங்கித் தெரிந்த வாசல்களில் அம்மையார் போய் நின்றது எங்கள் வீட்டு வாசலில். விடியற்காலை வேலை முடித்து வந்திருந்த அம்மா என்னைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், புரிந்துகொண்டார். பாயை விரித்தார். மற்ற இருவரிடமும் சீனி எவ்வளவு என்று கேட்டுத் தேத்தண்ணி ஊற்றினார். எனக்கு மட்டும் கேட்காமலே இஞ்சி தட்டிப் போட்டார். யாராவது கவனித்துவிடுவார்களோ என்று கோப்பையைக் கையால் மூடிக்கொண்டேன்.

"உங்களுக்குப் பிள்ளைங்க?" என்று அம்மையார் கேட்டார்.

"ஒரு மகன்ங்க. தூரத்துல உத்தியோகம். நல்லா இருக்கான்." அம்மா என் பக்கம் திரும்பினார். "சூடா இருக்கு ஐயா, பாத்துக் குடிங்க."

குடித்துவிட்டு எழுந்து வந்தேன், படுபாவி.

கூட்டத்தில் அம்மையார் பேசியது எதுவும் காதில் விழவில்லை. மாலையில் கொழும்பு ரயில் புறப்படும் நேரம். குழுவினர் அத்தனை பேரும் சுற்றி நிற்க, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "காலையில தேத்தண்ணி குடுத்தது எங்க அம்மாங்க."

அவர் என் கையின்மேல் கையை வைத்தார். "அப்புறம் இங்க ஏன் நிக்கிறீங்க தம்பி? போங்க."

தலைவரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஓடினேன். இஞ்சி தட்டும் சத்தம் வாசலிலேயே கேட்டது.

"வாங்க ஐயா," என்று அம்மா சிரித்தார்.

அது கேலியா, மன்னிப்பா என்று நான் கடைசிவரை கேட்கவில்லை. இன்றும் யாராவது என்னை ஐயா என்று கூப்பிட்டால், அம்மாவை ஒருமுறை நினைத்துவிட்டுத்தான் திரும்பிப் பார்க்கிறேன்.