சாமிக்கண்ணு பால் காய்ச்சிய தேதி

சாமிக்கண்ணுவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வலையில் விழுந்த மீனைப் பார்த்ததுமே எந்த ஆழத்தில் மேய்ந்தது என்று சொல்லிவிடுவான். அதற்காகத்தான் எங்கள் மீன் ஆராய்ச்சி ஆபீசின் பிரெஞ்சுக்கார முசே அவனைக் காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்கு அழைத்தார். "குடும்பத்தோட வந்துடு. லாரி வாடகையை ஆராய்ச்சி மானியத்துல போட்டுக்கலாம்" என்று வாயால்தான் சொன்னார். அது ஐம்பத்தெட்டாம் வருஷம், ஆனி மாசக் கடைசி.

ஆடி பிறந்துவிட்டால் யார் குடி போவார்கள்? பெண்டாட்டி பார்வதியோடு பஸ் ஏறி வந்து, வைத்திக்குப்பத்தில் பிடித்த வாடகை வீட்டில் ஆனி இருபத்தெட்டாம் தேதி பால் காய்ச்சினான். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊர் திரும்பினான். வேலை உத்தரவு போட்டது ஆகஸ்ட் ஒன்றாம் தேதி. ஆவணி பிறந்ததும் தட்டுமுட்டுச் சாமான்கள், பிள்ளைகளோடு லாரியில் வந்து இறங்கினான். லாரி வாடகை அறுபது ரூபாய். கட்டுமரத்தை ஒரு மீன் வியாபாரியிடம் அடகு வைத்துத்தான் கொடுத்தான். தை பிறப்பதற்குள் மீட்காவிட்டால் மரம் வியாபாரிக்கு.

மானியக் கணக்குப் படிவத்தை நிரப்பிய குமாஸ்தா நான்தான். குடிபெயர்ந்த நாள் எது என்று கேட்டேன். "ஆனி இருவத்தெட்டுங்க" என்றான். நானும் ஜூலை பன்னிரண்டு என்று போட்டேன். பால் காய்ச்சிய நாள்தானே குடி போன நாள்! என் வீட்டிலும் அப்படித்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கணக்கர் சுப்பராயன் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு படித்தார். "உத்தரவுக்கு முன்னாடியே வந்துட்டானா? அப்ப அது அவன் சொந்தச் செலவு. மானியத்துல ஏறாது."

"லாரி ரசீது ஆகஸ்ட்ல இருக்கே சார்!"

"படிவம் ஒரு தேதி, ரசீது ஒரு தேதி. எதுய்யா பொய்?"

"ரெண்டும் நெசம் சார். தேதியத் திருத்திடறேன்."

"கைநாட்டு வச்சாச்சு. இப்பத் திருத்துனா மோசடி."

முசே நல்ல மனுஷன். மானியம் கொடுத்த சீமைக்கே கடுதாசி போட்டார். ஆடி என்றால் என்ன, பால் ஏன் காய்ச்சுகிறோம் என்று ஒரு பக்கம் முழுக்க நான் டைப் அடித்தேன். மார்கழிக் கடைசியில் பதில் வந்தது: நியமனத்துக்கு முந்தைய செலவை ஏற்க இயலாது. ஒரே வரி. பாலைப் பற்றிப் பேச்சே இல்லை. முசே கையை விரித்துவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே! நான் பத்து ரூபாய் நீட்டினேன். அவன் வாங்கிக்கொள்ளவில்லை.

சம்பளம் வயிற்றுக்கும் வீட்டு வாடகைக்குமே சரியாக இருந்தது. தை மாதம் மரம் கைமாறியது. அறுபதாம் வருஷம் ஆராய்ச்சி முடிந்து ஆபீசையும் மூடிவிட்டார்கள். எனக்கு வேறு ஆபீஸ் கிடைத்தது. சாமிக்கண்ணு பெரிய மார்க்கெட்டில் மீன் கூடை இறக்குகிறான். போன வாரம் எதிரே வந்துவிட்டான், ஒளிய இடமில்லை எனக்கு.

"ஊருக்குத் திரும்பிப் போயிடக் கூடாதா?" என்று கேட்டேன்.

"போவலாங்க. போயி, எதுல ஏறிக் கடலுக்குப் போறது?" என்றான்.