மாதையனுக்கு வராத பூ

மாதையனைப் பற்றிக் கேட்டால் மேச்சேரிப் பக்கம் இன்றைக்கும் இரண்டு பேச்சு பேசுவார்கள். பாறைக்கு வெடி வைப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்பது ஒன்று. காளியாத்தாளே வேண்டாமென்று தள்ளிய ஆள் என்பது இன்னொன்று. முதல் பேச்சு சத்தியம். இரண்டாவது பேச்சு ஊரில் உலவுவதற்கு நான்தான் காரணம்.

என் பெயர் சின்னண்ணன். பஸ் நிற்கிற இடத்தில் பூக்கடை வைத்திருக்கிறேன். கட்சியில் எங்கள் ஊர்க் கிளைக்குச் செயலாளராக இருந்தேன். பக்கத்து ஊர்க் கிளைக்கு மாதையன் செயலாளர். எழுபத்தொன்றாம் வருடம் ஒரே நாளில், ஒரே மேசையில் உறுப்பினர் அட்டை வாங்கியவர்கள் நாங்கள்.

அவனுக்குக் கிணறு வெட்டுகிற கூலி வேலை. அறுபது அடிக்குக் கீழே இறங்கி, பாறையில் குழி போட்டு, வெடிமருந்தைக் கெட்டித்து, திரியைப் பற்றவைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்து மேலே ஏறி வரவேண்டும். பற்றவைப்பதற்கு முன்னால் “ஆத்தா!” என்று ஒரு தரம் கூப்பிடுவான். கிணற்றுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டால் மேலே நிற்கிறவர்கள் விலகிப் போய்விடுவார்கள். கூப்பிடாமல் அவன் திரியைத் தொட்டதே இல்லை. அவனோடு இறங்கிய ஒருவனுக்கும் இருபது வருடத்தில் ஒரு காயம் பட்டதில்லை.

வேலை முடிந்து வந்து, மரவள்ளி மாவில் பசை காய்ச்சி, ஓமலூர் வரைக்கும் சைக்கிளில் போய்ப் போஸ்டர் ஒட்டுவான். தண்ணீர் கேட்டு நடந்த மறியலில் நாற்பது நாள் சிறையில் இருந்தான். அன்றைக்கு நானும் போயிருக்க வேண்டியவன். முகூர்த்த நாள், கடையை விட்டு வர முடியாது என்று நழுவிவிட்டேன். கிளைச் செயலாளர் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருந்த யோக்கியதை அவ்வளவுதான்.

எண்பத்து மூன்றில் எங்கள் ஒன்றியத்தில் கட்சி படுத்தே விட்டது. அடுத்தடுத்து இரண்டு தேர்தலில் தோற்றிருந்தோம். கூட்டம் போட்டால் மைக் செட்டுக்காரனும் நாங்களும்தான் இருந்தோம். பழைய ஆட்களை மாற்றிப் புது ரத்தம் பாய்ச்ச வேண்டும், கிளைச் செயலாளர்கள் ஓட்டுப் போட்டு ஒன்றியச் செயலாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தலைமையிலிருந்து உத்தரவு வந்தது.

பத்தொன்பது வருடமாக ஒன்றியச் செயலாளர் தங்கசாமிதான். அறுபது ஏக்கர் தோட்டக்காரர். தன் மகன் ராசப்பனே புது ரத்தம் என்று அவர் முடிவு செய்துவிட்டார். ராசப்பன் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டி வைத்துத் தொழில் பண்ணிக்கொண்டிருந்தார். கட்சிக் கூட்டத்துக்கு அவர் வந்த நாட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். எதிரில் மாதையன் நின்றான். மொத்தம் இருபத்தேழு கிளை. பதினேழு பேர் மாதையனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரு கூலிக்காரன் செயலாளர் ஆகப்போகிறான் என்று தங்கசாமி சாதிக்காரர்கள் இருக்கிற குடியானத் தெருவிலேயே பேச்சாகிவிட்டது. என் ஓட்டையும் சேர்த்துத்தான் அந்தப் பதினேழு.

தேர்தலுக்கு மூன்று நாள் இருக்கும்போது தங்கசாமி கிளைச் செயலாளர்கள் எல்லோரையும் கூப்பிட்டு அனுப்பினார்.

“ஓட்டுன்னு போனா ஊரு ரெண்டாப் பொளந்துரும். நம்ம காளியாத்தா கோயல்ல பூக் கேட்டுருவோம். வெள்ளை வந்தா ராசப்பன், செவப்பு வந்தா மாதையன். ஆத்தா அவனைச் சொன்னா நானே என் கையால மாலை போடறேன்.”

எங்கள் பக்கம் பெண் எடுப்பதற்கும், நிலம் வாங்குவதற்கும், கிணற்றுக்கு இடம் பார்ப்பதற்கும் பூக் கேட்பது வழக்கம். ஒன்றில் வெள்ளைப் பூவும் மற்றதில் சிவப்புப் பூவுமாக இலையில் மடித்த இரண்டு பொட்டலத்தை அம்மன் காலடியில் வைப்பார்கள். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வந்த பூவுக்கு மறுபேச்சு கிடையாது. ஆனால் கட்சிப் பதவிக்குப் பூக் கேட்டது அதுதான் முதல் தடவை.

வெளியே வந்ததும், ஜலகண்டாபுரத்தில் தறி நெய்கிற பச்சமுத்து கொதித்துப் போனான். “ஏனுங்க மாதையண்ணா, கையில பதினேழு ஓட்டு இருக்கறப்பப் பூ எதுக்குங்க? மாட்டேன்னு சொல்லுங்க.”

மாதையன் தலையை ஆட்டினான். “ஆத்தா வேண்டாம், ஓட்டுப் போதும்னு எப்படிச் சொல்றது பச்சமுத்து? நாளைக்குக் கெணத்துக்குள்ள திரியைப் பத்தவெக்கறப்ப எந்த மொகத்தோட அவளைக் கூப்புடுவேன்? அவளுக்குத் தெரியாதா நான் எப்படிப்பட்டவன்னு?”

அங்கேதான் மடக்கினார்கள் அவனை. வெட்டுவேன் குத்துவேன் என்று மிரட்டியிருந்தால் சட்டை பண்ணியிருக்க மாட்டான்.

அன்று சாயங்காலமே தங்கசாமி என்னைத் தனியாகத் தோட்டத்துக்கு வரச் சொன்னார். நாற்காலி போடச் சொல்லி, உட்கார வைத்து, டீ கொடுத்தார். “பூக்கடைக்காரன் நீ. ரெண்டு பக்கமும் ஒன்னைய நம்புவாங்க. பொட்டலத்தை நீயே கட்டு சின்னண்ணா. ரெண்டும் வெள்ளையாவே இருக்கட்டும்,” என்றார். அவ்வளவுதான். மிரட்டவில்லை. ஒன்றும் தருவதாகவும் சொல்லவில்லை.

பயந்து செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் உண்மை வேறு. அவனோடு ஒரே நாளில் கட்சிக்கு வந்தவன் நான். செயலாளர் பதவிக்கு ஒரு நாய்கூட என் பெயரைச் சொல்லவில்லை. நாளையிலிருந்து அவனை எழுந்து நின்று கும்பிட வேண்டுமே என்று நினைத்தபோது வயிறு எரிந்தது. ராசப்பன் வந்தால் எனக்கு வலிக்காது. அவர்கள் எப்போதும் மேலே இருந்தவர்கள். என்னோடு கீழே நின்றவன் ஏறுவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பொறாமை, வேறென்ன?

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு வாழையிலைத் துண்டிலும் வெள்ளை அரளியை வைத்து மடித்தேன். நாரால் இறுக்கிக் கட்டினேன். கோயில் நிறைய ஆட்கள். மாவட்டத்திலிருந்து வந்த பார்வையாளர் சாதிச் சண்டை இல்லாமல் முடிந்தால் சரி என்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாதையன் குளித்து, ஈரத் துணியோடு கண்ணை மூடி நின்றான். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

“வெள்ளைங்க!”

பச்சமுத்து முன்னால் பாய்ந்தான். “இன்னொரு பொட்டலத்தையும் பிரிச்சுக் காட்டுங்க!”

எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் மாதையனே அவன் கையைப் பிடித்து இழுத்தான். “ஆத்தாளையே சோதிக்கறயா? வேண்டாஞ் சாமி, வா,” என்றான். நான் அந்தப் பொட்டலத்தை எடுத்து மடியில் சொருகிக்கொண்டேன். மாதையனே ஒப்புக்கொண்ட பிறகு பதினேழு பேரில் ஒருவரும் எதிர்க்கவில்லை. ராசப்பன் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று பார்வையாளர் எழுதிக்கொண்டு போனார்.

பதவி போனால் போகிறது என்று மாதையன் இருந்திருப்பான். ஆத்தாள் தன்னைத் தள்ளிவிட்டாள் என்பதுதான் அவனைத் தின்றது. அடுத்த வாரம் கிணற்றில் இறங்கியவன், மருந்து கெட்டித்துவிட்டு, கூப்பிட வாய் வராமல், திரியைப் பற்றவைக்காமலே மேலே ஏறி வந்துவிட்டான். இன்னொரு தரம் முயன்றான். அதற்குப் பிறகு கயிற்றையே தொடவில்லை. “நான் என்ன தப்புப் பண்ணினேன் சின்னண்ணா? ஒனக்கு ஏதாச்சுந் தெரியுமா?” என்று கடைக்கு வந்து கேட்பான். அலகு குத்தினான், தீ மிதித்தான். போதாதென்று மறுபடியும் மிதித்தான். அவன் மனைவி குஞ்சம்மாள் கல் உடைக்கப் போய்க் குடும்பத்தை ஓட்டினாள். தினமும் அவனுக்கு எதிரில் உட்கார்ந்து மாலை கட்டினேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எண்பத்தாறில் ராசப்பன் போர் வண்டிகளோடு வேறு கட்சிக்குப் போய்விட்டார். எங்கள் கொடிக்கம்பத்தில் கயிறுகூட மிஞ்சவில்லை. இதற்காகவா செய்தேன் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகும் இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

எண்பத்தெட்டு ஆனி மாதம், பாறைத் தூசி நுரையீரலை அரித்து, மாதையன் பாயோடு பாயாகக் கிடந்தான். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். குஞ்சம்மாளும் அங்கே இருந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தங்கசாமியின் தோட்டம், டீ, இரண்டு இலையிலும் வெள்ளை அரளி, என் வயிற்றெரிச்சல். ஒன்றையும் மறைக்கவில்லை. அழுதுகொண்டேதான் சொன்னேன்.

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

“அட போப்பா. சாவப் போறவன் மனசு ஆறட்டும்னு சொல்ற. ஆத்தா முன்னாடி நீ அப்படிப் பண்ணுவியா? ஒன்னைய எனக்குத் தெரியாதா?”

“சத்தியமாச் சொல்றேன் மாதையா. ஆத்தா மேல ஆணை.”

“எனக்காவப் பொய்ச் சத்தியம் பண்ணிப் பாவத்தைக் கட்டிக்காத,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். “அவ என்னை வேண்டான்னுட்டா. அது எனக்கும் அவளுக்கும். நீ அழுவாத.”

குஞ்சம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உங்களாட்டம் ஒரு சிநேகிதரு யாருக்குங்கண்ணா கெடைப்பாங்க?” என்று ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து நீட்டினாள். வாங்கிக் குடித்தேன்.